மேரியின் புருஷன் எறிந்த பிட்டு

அக்கா, டொராண்டோவுக்கு ஆமி வந்துவிட்டது.

பயப்படாதீர்கள், இந்த ராணுவம் பனி அள்ளத்தான். வானம் ஓட்டையாகிப்போனதுபோலக் கொட்டித் தள்ளியதில் பஸ் நின்றது, கார்கள் எல்லாம் வெள்ளைப் புற்றுகளாகிவிட்டன, கடைசியில் மேயர் ஆமியைக் கூப்பிட்டுவிட்டார். ஆமி வருகிறது என்று ரேடியோவில் சொன்னவுடனே எங்கள் பில்டிங்கில் பாதிச் சனம் பாஸ்போர்ட்டையும் நகையையும் பையில் போட்டுக்கொண்டது. பழக்கதோஷம். எதிர்க்கதவு அன்ரி மூச்சு வாங்க ஓடிவந்து, "பிள்ளை, எந்தப் பக்கத்தாலை வாறாங்களாம்?" என்று கேட்டார். "மண்வெட்டியோடை வாறாங்கள் அன்ரி. உங்கடை காரைக் கிண்டி எடுத்துத் தருவாங்கள். தேத்தண்ணிக்குத் தண்ணி வையுங்கோ" என்றேன். நீங்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். உங்கள் சிரிப்பு முதலில் வயிற்றில் குலுங்கி, கொஞ்சம் பிந்தித்தான் வாய்க்கு வந்து சேரும்.

மத்தியானம் குப்பைப் பையோடு பில்டிங்கின் பின்பக்கம் போனேன். அங்கே சுவரில், உடுப்புத் தோய்க்கும் லோன்ரி அறையின் சூட்டுக் காற்று வெளியே வரும் துவாரம் இருக்கிறது. உலகம் முழுக்க வெள்ளையாக, ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆவி சுருள் சுருளாக எழும்பிக்கொண்டிருந்தது. உடுப்புக் காயவைக்கும் டிரையருக்குள் போடும் வாசனைத் தாளின் மணம்; அதற்கு அடியில் சூடான பருத்தி மணம். நின்றுவிட்டேன். அந்த ஆவிக்குள், முந்தி நீங்கள் எங்கேயும் கொண்டுவரும் பிளாஸ்க் திறந்தது, கொக்கோவும் சாதிக்காயும் மணத்தது. இல்லை, சாதிக்காய் நானாகச் சேர்த்துக்கொண்டது. இல்லாத ஆளின் மணம் வந்தது என்று வெளியே சொன்னால் எங்கள் சனம் ஃபாதரைக் கூட்டிவந்து என் தலையில் தீர்த்தம் தெளிக்கும். அதனால் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, இந்த லோன்ரி அறைக்கு இறங்கி வந்துவிட்டேன். மடியில் கோயில் நோட்டீஸ்கள், பின்பக்கம் வெள்ளை. அதில்தான் எழுதுகிறேன். நான் இருக்கும் நீளப் பலகை வாங்கின் மற்ற நுனியில் ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு இந்தத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதுவும் நல்லதுதான், ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்தில் பிழை பிடிக்க உங்களால் முடியாது.

நாங்கள் சந்தித்தது, முந்தி வெக்ஸ்போர்ட் பில்டிங்கில் நான் பேஸ்மென்ற் லோன்ரி அறையைக் கூட்டித் துடைத்த காலம். அப்போது வீடும் அதே பில்டிங்கில்தான், நாலாம் மாடியில். ஒருநாள் மொப்பும் வாளியுமாக வருகிறேன். நீங்கள் வாங்கில் இருக்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எதிரே டிரையர் ஓடுகிறது. அதன் வட்டக் கண்ணாடிக்குள் பார்த்தால் ஒற்றைச் சொக்ஸ். பச்சை. அது மேலே ஏறும், ஒரு கணம் யோசிக்கும், பொத்தென்று விழும்.

"அக்கா, உந்தச் சொக்ஸ் காய்ஞ்சு கருவாடாப் போச்சு. எடுக்கலாம்தானே?" என்றேன்.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் காயேல்லை, கேர்ள்."

அடுத்த முறையும் அதே வாங்கு, அதே சொக்ஸ், வேறொரு பெண். அதற்கடுத்த முறையும் அப்படியே. குளிர் தேசத்தில் விசர் பிடிக்கிறவர்களுக்கு இப்படித்தான் தொடங்கும் என்று நினைத்து, உங்களுக்காக ஒரு செபமும் சொன்னேன்.

உங்கள் இங்கிலீஷ் கிரெனடா இங்கிலீஷ், தாளம் போட்டுக்கொண்டு வரும். என்னுடையது ஃபாக்டரியில் பொறுக்கியது. நடுவில் என்ன நடந்ததோ தெரியாது, என் காதுக்குள் நீங்கள் யாழ்ப்பாணத் தமிழே பேசினீர்கள். என்னை "நீர்" என்று கூப்பிட்டீர்கள். இன்றைக்கும் கனவில் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள், நானும் ஒன்றும் அதிசயப்படுவதில்லை.

"எந்த இடம் நீர்?" என்று கேட்டீர்கள்.

"தீவு."

"நானும் தீவுதான்."

யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்துத் தீவுகளிலிருந்து வரும் எங்களை, "தீவாரோ?" என்று இழுத்துக் கேட்கும்போது ஒரு சின்ன முள் இருக்கும். உங்கள் வாயில் அது இல்லை. ஒரே கடலில் இரண்டு பக்கத்துத் தீவுகள் என்பதுபோலச் சொன்னீர்கள். அன்றுமுதல் அந்த வட்டக் கண்ணாடி எனக்குக் கப்பல் ஜன்னலாகிவிட்டது. ஆள்கள் எல்லாரும் மேலே தட்டில் நடக்க, நாங்கள் இரண்டு பேரும் கீழே இயந்திரச் சூட்டில் இருந்துகொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தோம்.

உங்கள் வேலை என்ன என்று பிறகுதான் சொன்னீர்கள். உங்கள் கரீபியன் தீவுகளில் எத்தனை பெண்கள் தங்கள் சொந்த மனிதனின் கையால் அடிபடுகிறார்கள் என்பதை அளக்க வேண்டும். அதற்குக் கேள்விகள் வேண்டும். அந்தக் கேள்விகளைத் தீவுகளுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், இங்கே ஸ்காபரோ பில்டிங்குகளில் இருக்கும் கரீபியன் பெண்களிடம் கேட்டுப் பார்க்கிறீர்கள். எது வாயைத் திறக்கிறது, எது மூடுகிறது என்று.

"பொலிசிட்டை கணக்கு இருக்குமே, அக்கா?"

"பொலிசிட்டை இருக்கிறது பொலிசுக்குப் போனவளின்ரை பேர். ஆஸ்பத்திரியிலை இருக்கிறது தையல் போட்டவளின்ரை பேர். முகத்தைக் கழுவிப்போட்டுச் சமைக்கப் போனவளின்ரை பேர் எங்கை இருக்கு?"

மொப்பைப் பிழிந்தேன்.

தீவுக்குத் தீவு ஒவ்வொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்றீர்கள். ஒரு தீவில் இந்த ஒரு வருஷத்தில் நடந்ததைக் கேட்டார்களாம். இன்னொன்றில் பிறந்த நாள் முதல் நடந்ததை. ஓரிடத்தில் கல்யாணம் கட்டியவளை மட்டும் கேட்டார்கள். இன்னோரிடத்தில் புருஷன் வாசலில் கதிரை போட்டுக் கால் ஆட்டிக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவளைக் கேட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தத் தீவு ஆம்பிளைகள் நல்லவர்கள், அந்தத் தீவு ஆம்பிளைகள் கூடாதவர்கள் என்று பேசுகிறார்கள். இது எனக்கு உடனே விளங்கியது. ஒருத்தி அரிசியைக் கொத்தால் அளக்கிறாள், மற்றவள் சுண்டால் அளக்கிறாள், பிறகு இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று யார் வீட்டில் அரிசி கூட என்று சண்டை. சுண்டு என்றால் பால்பேணி அளவு, ஒரு சின்னத் தகர டின் என்று விளக்கினேன். உங்களுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. "எல்லாத் தீவுக்கும் ஒரே பேணி. அதுதான் நான் கேக்கிறது" என்றீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். "உன் கணவன்" என்று கேட்டால் உங்கள் பெண்களில் நிறையப் பேர் "எனக்குக் கணவன் இல்லையே" என்று எழும்பிப் போய்விடுவார்களாம். பொய் இல்லை. தாலியும் இல்லை, ஒரே வீடும் இல்லை. மனிதன் தன் தாயோடு இருப்பான், வருவான், இருப்பான், போவான். அவன் கையும் கைதான். ஆனால் கேள்வி அவனைத் தொடாமல் பக்கத்தால் போய்விடும்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். "வந்து போற மனிசனோ? இப்பிடி ஒரு வசதி இருக்கெண்டு முந்தியே தெரிஞ்சிருந்தால் நானும் கட்டியிருக்கமாட்டன் அக்கா. வா எண்டால் வா, போ எண்டால் போ!"

உங்கள் வயிறு குலுங்கத் தொடங்கியது. பிறகு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தீர்கள். நான் உடனே வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

ஏன் லோன்ரி அறை என்று கேட்டதற்கு, "இந்தப் பில்டிங்கிலை ஆம்பிளையள் கால் வைக்காத இடம் இது ஒண்டுதான்" என்றீர்கள். ஏன் சொக்ஸ் என்று கேட்டதற்கு, "மெஷின் சத்தத்துக்குள்ளைதான் கதை வரும். சத்தம் நிண்டால் வாயும் நிண்டிடும்." வெறும் டிரையர் ஓடினால் பில்டிங்கைப் பார்க்கும் சூப்பர் வந்து ஏசுவார். ஒரு சொக்ஸ் கிடந்தால் அது லோன்ரி. உங்கள் கோட்டுப் பையில் எப்போதும் மெஷினுக்குப் போடும் குவாட்டர், இருபத்தைந்து சதக் காசுகள் சிணுங்கும். கதை பாதியில் இருக்க மெஷின் மூச்சு இழுக்கத் தொடங்கினால், ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பிப் போய்க் காசு போட்டுவிட்டு வந்து இருப்பீர்கள். அவ்வளவுதான் உங்கள் வித்தை.

ஆம்பிளைகள் கால் வைக்காத இடத்தில் என் வீட்டுக்காரர் ஒருநாள் கால் வைத்தார். என்னிடமிருந்த வீட்டுத் திறப்பைக் கேட்டு வந்தவர். அந்த நேரம் உங்கள் முன்னால் ஒரு ட்ரினிடாட் பெண் கண்ணீரும் மூக்குமாக இருந்தாள். நீங்கள் கடதாசியைக்கூடப் புரட்டவில்லை. குரல் மட்டும் வேறு தெருவுக்குத் திரும்பியது.

"அப்ப, தூள் சோப்போ, தண்ணிச் சோப்போ, எது ஊத்தை போக்கும்?"

என் மனிதரை யாராவது ஒரு கேள்வி கேட்டாலே காணும். அவர் கோயிலில் எல்லாருக்கும் முன்னால் நின்று கதிரை அடுக்குகிறவர், செத்த வீட்டில் முதல் ஆள், ஊரே "தங்கமான மனிசன்" என்று சொல்லும் ஆள். வாங்கில் இருந்தார். தூள் சோப்பில் நுரை கூட, தண்ணிச் சோப்பில் மணம் கூட, வெள்ளைச் சட்டையை எப்படி ஊறவைக்க வேண்டும், கழுத்துப் பட்டியை எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். தன் வாழ்நாளில் மூக்குத் துடைக்கும் ஒரு கைலேஞ்சிகூடக் கழுவாத மனிதர்! நீங்கள் தலையை ஆட்டி ஆட்டி, "பிறகு? பிறகு?" என்று கேட்டு எழுதினீர்கள். ட்ரினிடாட் பெண் கண்ணீரோடே சிரிப்பை அடக்கினாள்.

போகும்போது, "நல்ல மனிசி. படிச்ச மனிசி. உம்மைப்போலை இல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் டிரையர் நின்றதுகூடத் தெரியவில்லை. அடங்கியபிறகு, "இவர் கெட்டிக்காரன். எல்லாருக்கும் நல்லவரோ?" என்று கேட்டீர்கள்.

"எல்லாருக்கும்" என்றேன்.

இப்போது ஒருமுறை எழும்பிக் காசு போட்டுவிட்டு வந்தேன், அக்கா. வெளியே இன்னும் கொட்டுகிறது. மேலே இருக்கும் சின்ன ஜன்னல் பனியால் மூடிவிட்டது. அறைக்குள் பால் கலந்த வெளிச்சம். தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருக்கிறது. அந்தப் பிள்ளை தன் உடுப்பை மடிக்கிறாள், பிரிக்கிறாள், திரும்ப மடிக்கிறாள்.

மேரியை நினைவிருக்கிறதா? கேள்விகளைப் பெண்களிடம் கொண்டுபோவதற்கு முன்னால் என்னிடம் ஒத்திகை பார்ப்பீர்கள். நான் ஒரு கரீபியன் மனைவியாக நடிக்க வேண்டும். நடிப்பு என்றால் எனக்குச் சோறு வேண்டாம். மேரி என்று பெயர் வைத்தேன். டொபாகோவில் பிறக்கவைத்தேன், அந்தப் பெயர் வாய்க்குச் சுகமாக இருந்தது. அவள் புருஷனுக்கு ஒரு தங்கப் பல், ஒரு மீன்பிடி வள்ளம், நல்லாய் ஆடுவான். உங்கள் பெண்கள் சிலர் வந்திருந்து மேரியின் கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

முதல் ஒத்திகையில் ஒரு பெரிய கேள்வி வைத்திருந்தீர்கள். வீட்டில் நீ வன்முறைக்கு ஆளாகியிருக்கிறாயா என்பதுபோல. மேரி தோளைக் குலுக்கினாள். "சே, அப்பிடி ஒண்டுமில்லை."

நீங்கள் அந்தக் கேள்வியைக் கோடு போட்டு வெட்டினீர்கள். "எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம். பெரிய சொல்லைக் கேட்டால் அது தன்ரை வீட்டுச் சங்கதி எண்டு ஒருத்திக்கும் தெரியாது. செய்ததை ஒவ்வொண்டாக் கேக்கவேணும்."

பிறகு ஒவ்வொன்றாகத்தான் வந்தது. தள்ளினவரோ? மயிரில் பிடித்தவரோ? வெளியே விட்டுக் கதவைப் பூட்டினவரோ? மேரிக்கு வாய் கூடியது. தள்ளினவர்தான், ஆனால் அண்டைக்கு நிலம் ஈரம். பூட்டினவர்தான், ஆனால் கோடை காலம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிரித்தீர்கள், பிறகு சிரிப்பைக் குறைத்தீர்கள். அதை நான் கவனிக்கவில்லை. பகிடி விடுகிறவளுக்குத் தன் குரல்தான் பெரிதாகக் கேட்கும்.

ஒருநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மழை நாள். பச்சைச் சொக்ஸ் ஏறியது, யோசித்தது, விழுந்தது.

"ஏதும் பொருளை உம்மிலை எறிஞ்சவரோ?"

"எறிஞ்சவர்" என்றாள் மேரி, உற்சாகமாக. "பிட்டை!"

"எதை?"

"பிட்டை, அக்கா. தட்டத்தோடை. சுடச்சுட. உப்புக் கூடிப்போச்செண்டு. தேங்காய்ப்பூ முழுக்கத் தலைமயிருக்குள்ளை. எத்தினை தரம் முழுகியும் போகேல்லை. அடுத்தநாள் கோயிலிலை பின்னாலை இருந்தவ, மேரி, உமக்குப் பொடுகோ எண்டு கேட்டவ!"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. பிட்டு என்றால் என்ன என்று கேட்டீர்கள். மாவை அவித்து, தேங்காய்ப்பூ போட்டு என்று நானும் மடைச்சி மாதிரிச் செய்முறை முழுக்கச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, பென்சிலை மெதுவாக வாங்கில் வைத்தீர்கள்.

"டொபாகோவிலை பிட்டு அவிக்கிறவையோ, கேர்ள்?"

வாழ்நாளில் முதல்முறையாக எனக்குப் பகிடி வரவில்லை. தேடினேன். தொண்டைக்குள், நாக்குக்கு அடியில், எங்கேயும் இல்லை. வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். மெஷின் மூச்சு இழுக்கத் தொடங்கியது. நின்றுவிட்டால் நல்லது, நின்றவுடனே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் எழும்பினீர்கள். காசு போட்டீர்கள். வந்து அதே இடத்தில் இருந்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. "சொல்லும்" என்றுகூடச் சொல்லவில்லை. சொக்ஸ் ஏறி ஏறி விழுந்தது.

"டொபாகோ இல்லை, அக்கா" என்றேன். "நாலாம் மாடி."

பென்சிலை நீங்கள் எடுக்கவில்லை. கடதாசியை மூடிவிட்டு, முதல் கேள்வியிலிருந்து திரும்பத் தொடங்கினீர்கள். இந்த முறை மேரியை அல்ல, என்னை. ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றேன். ஓம், அக்கா. ஓம். இது இல்லை. இது ஓம். ஒவ்வொரு ஓமும் வாயிலிருந்து ஆவி மாதிரிப் போனது, எடையே இல்லை. இத்தனை வருஷம் அதைத் தூக்கிக்கொண்டா நடந்தேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது. அழவில்லை. நித்திரை வந்தது, அதுதான் உண்மை. உங்கள் தோளில் சாய்ந்தேன். சாதிக்காய் மணத்தது, இது நானாகச் சேர்த்தது இல்லை.

கொஞ்சம் தெளிந்தபிறகு கேட்டேன். "அப்ப என்னையும் கணக்கிலை போடுவியளோ?"

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "உம்மடை தீவு இந்தக் கணக்கிலை இல்லை. உங்கடை பெண்டுகளை எண்ணுறதுக்கு ஒருத்தரும் என்னை அனுப்பேல்லை."

"அடி வாங்கிறதுக்கும் விசா வேணுமோ, அக்கா?"

அப்போதுதான் உங்கள் கண் கலங்கியது. வயிறும் குலுங்கியது. இரண்டும் ஒன்றாக நடந்ததை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

உங்களை ஒருவரும் கேட்கவில்லையா என்றும் அன்றே கேட்டேன். "ஒருத்தி கேட்டவள்" என்றீர்கள். "கனகாலத்துக்கு முந்தி. என்ரை வீட்டுப் படியிலை இருந்து. கேட்டுப்போட்டுப் பேசாமல் இருந்தவள்." அதற்கு மேல் நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படம் என்றால் அன்றைக்கே சூட்கேஸோடு வாசலில் நின்றிருப்பேன். நான் தூக்கியது உடுப்புக் கூடை. யோசனை என்னுடையதுதான், அதில் உங்களுக்குப் பங்கு தரமாட்டேன். ஒவ்வொரு லோன்ரி நாளும் நிறைந்த கூடையோடு கீழே இறங்குவேன்; கொஞ்சம் குறைந்த கூடையோடு மேலே ஏறுவேன். மகளின் குளிர்ச் சட்டை, என் நல்ல சேலை, அம்மாவின் செபமாலை, எல்லாம் மடித்துத் துவாய்க்குள் சுற்றி உங்கள் தள்ளுவண்டிக்குள் போனது. நீங்கள் அதை உருட்டிக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். அலமாரி மெலிந்தது. அவர் கவனிக்கவில்லை. சோப்பைப் பற்றி அரை நாள் பிரசங்கம் செய்த மனிதருக்கு, கழுவப்போன உடுப்பு திரும்பி வருகிறதா என்று தெரியாது! ஒருநாள் மட்டும், "என்ரை நீலச் சட்டை எங்கை?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். அது அவர் போட்டுக்கொண்டு நின்ற சட்டை.

அப்படி ஒரு மத்தியானம், மகள் பள்ளியால் வரும் நேரம், கடைசிக் கூடையோடு இறங்கினேன், ஏறவில்லை. நீங்கள் செபிக்கப் போகும் சபைப் பெண் ஒருத்தி மோர்னிங்சைட் பக்கத்தில் எங்களுக்கு அறை தந்தாள். "ஒரு சூட்கேஸ்கூட எடுக்காமல் எப்பிடிப் போனவள்?" என்று அவர் ஊர் முழுக்கக் கேட்டுத் திரிந்தாராம். இப்போது வேறு ஊரில் இருக்கிறார். மகளோடு போனில் பேசுவார். தன் உடுப்பைத் தானே கழுவுகிறார் என்று கேள்வி.

நீங்கள் கேள்விகளைக் கட்டிக்கொண்டு தீவுகளுக்குப் புறப்பட்டபோது என் கையில் எதையோ திணித்தீர்கள். பச்சைச் சொக்ஸ். "மற்றது எங்கை, அக்கா?" என்றேன். "மற்றது எண்டு ஒண்டு இருந்ததே இல்லை, கேர்ள்." அதுதான் நீங்கள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. வேறு ஏதாவது பெரிதாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று உங்களோடு மனதுக்குள் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன்.

இந்தப் பனிக்கு முன்னால், இலை கொட்டிய மாதத்தில் போன் வந்தது. உங்கள் குரலே. அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். பேசியது உங்கள் தங்கை. நீங்கள் போய்விட்டீர்கள், இருதயம் என்றாள், அயர்ந்து தூங்குகிற மாதிரி இருந்தது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, தீவுகளில் வீடு வீடாகக் கேட்கப்போகும் பெண்களுக்கு நீங்கள்தான் பழக்கினீர்கள் என்றும், "ஏதும் பொருளை எறிந்தவரோ" என்ற கேள்வி வரும்போது அவர்களை நிறுத்தி, "சாப்பாட்டையும் சேர்த்துக் கேளுங்கோ, சாப்பாடு எறிஞ்சால் அது எறிஞ்சதிலை சேராது எண்டு பெண்டுகள் நினைக்கினம்" என்று சொல்வீர்கள் என்றும் சொன்னாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டால், கனடாவில் மேரி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பீர்களாம்.

"நீங்கள்தானோ அந்த மேரி?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "மேரிதான் பேசுறன்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதேன்.

இப்போதும் அடிக்கடி ஒன்று வருகிறது, கனவும் இல்லை, நினைவும் இல்லை. நான் பார்க்காத ஒரு தீவு. மத்தியான வெயில். நீங்கள் பழக்கிய ஒரு பிள்ளை பையோடு ஒரு படியில் ஏறுகிறாள். உள்ளே அடுப்படியில் ஒருத்தி கோழிக்கறிக்கு வெங்காயம் அரிகிறாள். சாப்பாட்டை எறிந்தவரோ என்று இவள் கேட்கிறாள். கத்தி நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பிட்டின் ஆவி, அதை ஒருநாளும் சாப்பிட்டிராத அந்தக் குசினிக்குள் மெல்ல எழும்புகிறது. உங்கள் கணக்கில் நான் இல்லை, அக்கா. ஆனால் அந்தக் குசினியில் நிற்கிறேன்.

சரி, இந்தப் பிள்ளை. எங்கள் பிள்ளைதான், பருத்தித்துறைப் பக்கம் என்று நினைக்கிறேன், புதிதாக வந்தவள். இந்தச் சூட்டு அறையில் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. முதலில் என் வழக்கப்படி பகிடி விட்டேன், ஆமிக் கதை சொன்னேன், சிரித்தாள். சொக்ஸை உள்ளே போட்டேன், ஓடவிட்டேன். "அன்ரி, உது ஒரு சொக்ஸ்தானே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு பெரிய சொல் ஒன்றும் இல்லாமல், உங்கள் கேள்விகளில் ஒன்றை மட்டும் கேட்டேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். வாய் கிடந்து துடிக்கிறது. அதனால்தான் கோயில் நோட்டீஸை எடுத்து உங்களுக்கு எழுதத் தொடங்கினேன். கைக்கு வேலை கொடுத்தால் வாய் கொஞ்சம் சும்மா இருக்கும். நோட்டீஸும் முடிகிறது. பனியும் நிற்கவில்லை.

மடித்துக்கொண்டிருந்த கையை இப்போது நிறுத்திவிட்டாள். சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மெஷின் மூச்சு இழுக்கிறது, அக்கா. எழும்ப வேண்டும், பையில் குவாட்டர் இருக்கிறது.

சொக்ஸ் இன்னும் காயவில்லை.